வளர்ச்சிசார் குறைபாடு: உரிமைச் சட்டங்கள் (மும்பை)

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு எனக் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி வாழ்நாள் முழுதும் உடன்வரும் நிலைகளின் பொதுப்பெயர் வளர்ச்சிசார் குறைபாடு. இவற்றுக்கான சட்டங்களைப் புதுப்பிக்கக் கோரும் இயக்கம் இந்தியாவில் பெரும்பாலும் பெற்றோரிடம் தொடங்கிப் பின்னர் குறைபாடு உடையோரின் கைக்கும் வந்தது. அதன் முக்கியக் களங்களுள் ஒன்று மும்பை.

தொடக்கம்: 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் அறிவு வளர்ச்சி குறைந்தவரையும் மனநோயாளியையும் ஒரே சொல்லில் அடக்கியது. பம்பாயின் முதல் தனி நிறுவனம் என்ற பெருமை, செம்பூரை அடுத்த மான்குர்தில் குழந்தைகள் உதவிச் சங்கம் 1941இல் தொடங்கிய இல்லத்துக்கும், ஜெய் வகீல் தம் மகளை முன்னிட்டு 1944இல் தொடங்கிய பள்ளிக்கும் தரப்படுவதுண்டு. காப்பகத்தைப் பள்ளியாகக் கொள்ளலாமா என்பதைப் பொறுத்தது விடை.

1972–1999: மித்து அலூரின் மகள் மாலினி சிப் பெருமூளை வாதம் உடையவர். இங்கிலாந்தில் மகளுக்குக் கிடைத்த கல்வி இங்கே இல்லாததைக் கண்ட அலூர், 1972இல் பம்பாயில் இந்திய ஸ்பாஸ்டிக் சங்கத்தை நிறுவினார். இன்று அதன் பெயர் அடாப்ட். முதல் பள்ளி கொலாபாவில் அமைந்தது. முதல் புரவலர் நடிகை நர்கிஸ். ஆஸ்பத்திரிக்கு உரியவர்களாகவே பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே கூரையின்கீழ் பாடமும் சிகிச்சையும் தந்தது சங்கம். இதே பெயரில் 1985இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்பே இன்றைய வித்யாசாகர். மாலினி பின்னாளில் ஒற்றைச் சுண்டுவிரலால் தட்டச்சு செய்தே தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். நூலின் பெயரிலும் அந்த விரல்தான்.

அலூரின் முனைவர் பட்ட ஆய்வு 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைக் கேள்விக்கு உள்ளாக்கியது. ஆறு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று சொன்ன திட்டம், குறைபாடுள்ள பிள்ளையை நடைமுறையில் வாசலிலேயே நிறுத்தியிருந்தது. 1999இல் தேசிய வள மையம் ஒன்றைத் தொடங்கிய சங்கம், தாராவி உள்ளிட்ட குடிசைப் பகுதிகளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைக்கும் பால்வாடி முறையை எடுத்துச் சென்றது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த சந்துகளில் வீடு என்பது பத்தடிக்குப் பத்தடி அறை. மேல்தட்டுக்கு வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. நடக்காத பிள்ளையை ஒரு கையில் இடுக்கி, மறு கையால் கம்பியைப் பிடித்துத்தான் தாய் இறங்க வேண்டும். அவளுக்கு அதே சந்தில் இருக்கும் பால்வாடிதான் பள்ளி. சட்டம் 'அணுகல்' என்று பின்னாளில் பெரிய வார்த்தையில் சொன்னது அவளுக்கு முன்பே தெரியும்.

சட்ட இடைவெளி: 1987இல் இயற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், அறிவுசார் குறைபாட்டை மனநோயின் வரையறையிலிருந்து விலக்கியது. விலக்கியது சரியே. ஆனால் பித்தர் சட்டத்தில் இருந்த பாதுகாவலர் நியமன வழியும் அதோடு போயிற்று. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் கையெழுத்து செல்லாது. 'எங்களுக்குப் பிறகு யார்?' என்ற கேள்வியைப் பெற்றோர் அமைப்புகள் தில்லிவரை கொண்டுபோயின. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. ஆட்டிசம் அதில் இல்லை, பெருமூளை வாதம் கைகால் இயக்கக் குறைபாட்டுக்குள் ஒடுங்கியது. 1999 டிசம்பரில் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டமே இவ்விரண்டையும் பெயர் சொல்லி அழைத்தது.

அச்சட்டப்படி மாவட்ட ஆட்சியர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகிய மூவர் அடங்கிய உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். மும்பையில் மாவட்டங்கள் இரண்டு. தாராவி, மாதுங்காக்காரர்களின் ஆட்சியர் அலுவலகம் ஃபோர்ட்டில் பழைய சுங்க மாளிகையில்; செம்பூர்க்காரர்களுக்குப் பாந்த்ரா கிழக்கில். அக்காளும் தங்கையும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியிருந்தால் ஒரே மாதிரியான மனுவுக்கு ஆளுக்கொரு திசை.

கற்றல் குறைபாடு: இதில் மகாராஷ்டிரம் முந்தியது. தேர்வில் கூடுதல் நேரம் முதலான சலுகைகளை 1996லேயே வழங்கியது. மத்தியச் சட்டம் இக்குறைபாட்டை ஏற்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின. தாராவியை ஒட்டிய சயான் ஆஸ்பத்திரியின் கற்றல் குறைபாட்டுப் பிரிவு இதற்கான சான்று வழங்கும் இடங்களில் ஒன்று. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் மராத்தி என்று வளரும் பிள்ளை எழுத்தில் தடுமாறினால் அது குறைபாடா, மொழிகளின் நெரிசலா என்று பிரிப்பது எளிதன்று.

2007–2016: ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. கொல்கத்தாவின் சுதா கவுல் தலைமையிலான குழு 2011இல் புதிய சட்டத்தின் வரைவைத் தந்தது. 2012 பிப்ரவரியில், அடாப்ட் கோவாவில் நடத்திய மாநாட்டுக்குப் புறப்பட்ட ஜீஜா கோஷ், பெருமூளை வாதம் உடையவர் என்பதால் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அடாப்டும் சேர்ந்து தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளை ஏற்றது. அரசு வேலை ஒதுக்கீடு 3இலிருந்து 4 விழுக்காடானது. முழுப் பாதுகாவலரின் இடத்தில், கலந்து முடிவெடுக்கும் 'வரையறுத்த பாதுகாவலர்' வந்தார். இது முன்னேற்றமா, பழைய பூட்டுக்குப் புதிய சாவியா என்பதில் பெற்றோரும் உரிமை இயக்கத்தினரும் ஒத்துப்போவதில்லை.

அண்மைக் காலம்: ஆட்டிசச் சான்றுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் 2016இல் அறிவிக்கப்பட்டது, மதிப்பெண் 70ஐத் தொட்டால்தான் ஆட்டிசம். குறைபாட்டு மதிப்பீட்டு நெறிமுறைகள் 2018லும் 2024லும் திருத்தப்பட்டன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் கைவிட்ட 'மனவளர்ச்சி குன்றல்' என்ற சொல், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப்பெயரில் இருந்தே வருகிறது.