முதலில் வருவதெல்லாம் சரியானதா?



சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டு பிரிட்ஜ் பழுதானது. சர்வீஸ் சென்டர் எண்ணைக் கைபேசியில் தேடி, முதலில் வந்த எண்ணுக்கே போன் செய்தேன். முன்பணமாக 1,500 ரூபாய் கேட்டார்கள், அனுப்பினேன். மெக்கானிக் வரவே இல்லை. முப்பத்தைந்து வருடம் வங்கியில் கையெழுத்துகளைச் சரிபார்த்தவன், ஒரு போன் நம்பரைச் சரிபார்க்கவில்லை! அந்த வெட்கத்தில்தான் தேடுபொறிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1990-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்பவர் ‘ஆர்ச்சி’யை உருவாக்கினார். அது கோப்புகளின் பெயரை மட்டுமே தேடும். 1994-ல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற ஸ்டான்போர்டு மாணவர்கள் யாஹூவைத் தொடங்கினார்கள். மஞ்சள் பக்க டைரக்டரி போல, ஆட்களே உட்கார்ந்து தளங்களை வகை பிரித்தார்கள். 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா, பக்கங்களுக்குள் இருக்கும் சொற்களையே தேடித் தந்தது. ஆனால் ஒரு சொல் ஆயிரம் பக்கங்களில் இருந்தால் எதை முதலில் காட்டுவது?

இதற்கு 1998-ல் இரண்டு விடைகள் வந்தன. ஒன்று, லாரி பேஜ், செர்ஜி பிரின் தொடங்கிய கூகுள். அந்தக் காலத்தில் வங்கிக் கணக்கு தொடங்க, பழைய வாடிக்கையாளர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடுவார், நினைவிருக்கிறதா? அதே முறைதான். மதிப்புள்ள பக்கங்கள் எந்தப் பக்கத்துக்கு இணைப்புத் தருகின்றனவோ, அது மேலே வரும். இன்னொன்று, கோடூ டாட் காம். அங்கே ஏலம்தான். அதிகப் பணம் தருபவருக்கு முதல் இடம்.

விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று கூகுள் நிறுவனர்களே 1998-ல் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். 2000-ல் அவர்களும் விளம்பரம் விற்கத் தொடங்கினார்கள்! ஆக, இன்று நீங்கள் பார்க்கும் பட்டியலில் அறிமுகக் கையெழுத்தும் உண்டு, ஏலமும் உண்டு. இரண்டுமே சரிபார்ப்பு ஆகாது.

எனவே நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ‘ஸ்பான்சர்ட்’ என்று போட்டிருந்தால் அது விளம்பரம். தாண்டிச் சென்று பாருங்கள்.

2. ஒரு சொற்றொடர் அப்படியே வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் தட்டுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போடுங்கள்.

3. ஒரே தேடலை பிங், டக்டக்கோ போன்ற வேறு தேடுபொறியிலும் செய்து ஒப்பிடுங்கள்.

4. வங்கி, கேஸ், சர்வீஸ் சென்டர் எண்களைத் தேடவே வேண்டாம். பாஸ்புக், ஏடிஎம் கார்டின் பின்புறம், பில், வாரண்டி கார்டு ஆகியவற்றில் பாருங்கள்.

ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம்.