படிக்கட்டைப் பற்றி யாரிடம் சொல்வது?

நகராட்சி அலுவலக வாசலில் நாலு படி. பக்கத்தில் சாய்தளம் கிடையாது. சக்கர நாற்காலியில் வருபவர் இதை யாரிடம் போய்ச் சொல்வார்? உள்ளே இருக்கும் அதிகாரியிடம்தான் சொல்லணும். ஆனால் உள்ளே போக முடியலை என்பதுதானே புகாரே!

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் எவ்வளவு தூரம் தீர்ந்தது என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சட்டங்களின் வரலாறாக இதை நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்க நினைப்பது புகாரின் வரலாறு. பலன் கிடைக்காத ஒரு புகார் கடைசியில் என்ன ஆகிறது? குப்பைக்குப் போகும் என்றுதான் நினைப்போம். சில புகார்கள் பதினைந்து வருஷம் கழித்து உச்ச நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருக்கின்றன.

ஆரம்பத்திலிருந்து வருவோம். மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்று ஒரு ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். கை கால் இழந்த ராணுவ வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த பெரிய ராணுவ மருத்துவமனை ஒன்று பக்கத்து ஊரான பேட்டில் கிரீக்கில் இருந்தது. கலமசூவில் ஜாக் ஃபிஷர் என்ற வழக்கறிஞர். அவரே மாற்றுத்திறனாளியான முன்னாள் ராணுவ வீரர். தெருமுனையில் பிளாட்பாரம் செங்குத்தாக இறங்குவதால் தன்னைப் போன்றவர்கள் படும் பாட்டை அவர் நகர நிர்வாகத்திடம் எடுத்துச் சொன்னார். 1945இல் சோதனைக்காகச் சில முனைகளில் சிமென்ட் சாய்தளம் போட்டார்கள். அடுத்த வருஷம் ஃபிஷர் அதன் பலனை எழுதிக் கொடுத்தார்: யார் துணையும் இல்லாமல் வேலைக்குப் போய்வர முடிகிறது, இது ஊருக்கே லாபம் என்பது அதன் சாரம்.

நல்ல கதைதான். ஆனால் நகரம் 'முடியாது' என்று சொல்லியிருந்தால் ஃபிஷரால் எதுவும் செய்திருக்க முடியாது. அது கோரிக்கை, உரிமை இல்லை. கேட்பவர் வக்கீலாக, போர் வீரராக, ஊரில் மதிப்புள்ளவராக இருந்தது உதவியது. அப்படி இல்லாதவர்களின் கதி?

1961இல் தடையற்ற கட்டடங்களுக்கான முதல் தேசியத் தரநிலை வந்தது. ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளச் சாய்தளம் என்ற கணக்கு அதில் இருக்கிறது. யாரையும் கட்டாயப்படுத்தாத தரநிலை அது. 1968இல் வந்த சட்டம் மத்திய அரசுப் பணத்தில் கட்டிய கட்டடங்களைத் தொட்டது. ஒரு ஊர் தன் சொந்த வரிப்பணத்தில் கட்டிய அலுவலகம் அதில் அடங்காது. 1973இல் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, மத்திய அரசு நிதி வாங்கும் எந்த அமைப்பும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்றது. விதிமுறைகள் வராமல் நாலு வருஷம் இழுத்தடித்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் புகுந்து கிட்டத்தட்ட ஒரு மாதம் உட்கார்ந்த பிறகுதான், 1977 ஏப்ரல் 28 அன்று அமைச்சர் கையெழுத்துப் போட்டார்.

அந்த விதிகளுக்குள் யாரும் அவ்வளவாகப் பேசாத ஒரு சின்ன விதி உண்டு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அமைப்பு, இதற்கென்று ஒரு ஊழியரை நியமிக்கணும், புகாரை விசாரிக்க ஒரு நடைமுறை வைத்திருக்கணும். படிக்கட்டைப் பற்றிச் சொல்ல ஒரு முகவரி கிடைத்தது இங்கேதான். ஆனாலும் மத்திய நிதி வாங்காத ஊருக்கு இது பொருந்தாது.

இப்போது கதையின் நடுப்பகுதி. 1988இல் ஜஸ்டின் டார்ட் தலைமையில் ஒரு பணிக்குழு அமைந்தது. டார்ட் 18 வயதில் போலியோ தாக்கி சக்கர நாற்காலிக்கு வந்தவர். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் கூட்டம் போட்டார்கள். 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதோடு மாற்றுத்திறனாளிகளிடம் ஒரு வேலையும் ஒப்படைத்தார்கள்: தினமும் எங்கே தடை வந்தது, எங்கே திருப்பி அனுப்பினார்கள் என்று டைரி எழுதுங்கள். எழுதினார்கள். வாக்குச் சாவடிக்குள் போக முடியாதவர்கள், நீதிமன்ற வாசலோடு நின்றவர்கள், ஜூரியாக உட்கார அனுமதிக்கப்படாத பார்வையற்றவர்கள். ஒவ்வொன்றும் ஒரு ஊரின் ஒரு கட்டடத்தைப் பற்றிய சின்னப் புகார். சொன்னவர்களில் பலருக்கு அந்தப் படிக்கட்டு அப்படியேதான் இருந்திருக்கும். ஆனால் எழுதியது நாடாளுமன்றப் பதிவில் சேர்ந்தது.

1990 ஜூலை 26இல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அதன் இரண்டாம் பகுதி, நிதி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எல்லா உள்ளாட்சிகளையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தியது. 50 ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு பொறுப்பாளர் வேண்டும், புகார் நடைமுறையை ஊரறிய வெளியிட வேண்டும். எங்கெங்கே தடை இருக்கிறது என்று உள்ளாட்சியே தன்னைத் தானே சோதிக்கணும். அதில் மாற்றுத்திறனாளிகள் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தரணும். தேவையான கட்டட மாற்றங்களை 1995 ஜனவரி 26க்குள் முடிக்கணும். பதில் திருப்தி இல்லையா? சம்பவம் நடந்த 180 நாளுக்குள் மத்திய அரசிடம் புகார் செய்யலாம்.

இதில் ஒரு நுணுக்கம். பழைய கட்டடத்தை எல்லாம் இடித்துக் கட்டச் சொல்லவில்லை சட்டம். அங்கே கிடைக்கும் சேவை, மொத்தமாகப் பார்க்கும்போது, எல்லோருக்கும் எட்ட வேண்டும். மாடியில் நடக்கும் கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினாலும் போதும். அதனால் 'லிஃப்ட் இல்லை' என்று மட்டும் எழுதும் புகார் பாதிப் புகார்தான். 'லிஃப்ட் இல்லாததால் வரி கட்டும் கவுண்டருக்குப் போக முடியவில்லை' என்பது முழுப் புகார்.

கெடு வைத்த 1995 வந்தது, போனது. பல கட்டடங்கள் மாறவே இல்லை. டென்னசி மாநிலத்தில் ஜார்ஜ் லேன் என்பவர் குற்ற வழக்கு ஒன்றுக்காகக் கவுண்டி நீதிமன்றத்துக்கு வரவேண்டியிருந்தது. கவுண்டி என்பதை நம்ம மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். நீதிமன்ற அறை மாடியில்; லிஃப்ட் இல்லை. முதல் முறை அவர் படியில் தவழ்ந்தே ஏறினார். அடுத்த முறை, தவழவும் மாட்டேன், காவலர்கள் தூக்கிக்கொண்டு போகவும் விடமாட்டேன் என்றார். ஆஜராகவில்லை என்று கைது செய்து சிறையில் போட்டார்கள். பெவர்லி ஜோன்ஸ் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். பல நீதிமன்றங்களுக்குள் போக முடியாமல் வேலை வாய்ப்புகளை இழந்தார். 1998இல் இருவரும் மாநில அரசு மேல் வழக்குப் போட்டார்கள்.

மாநில அரசு ஒரு பழைய கேடயத்தைத் தூக்கியது. அமெரிக்க அரசமைப்பின்படி, ஒரு மாநிலத்தின் மேல் அதன் சம்மதம் இல்லாமல் இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவது லேசில்லை. நாடாளுமன்றம் அந்தப் பாதுகாப்பை நீக்கலாம். ஆனால் மாநிலங்கள் அரசமைப்பு உரிமைகளைத் தொடர்ந்து மீறிவந்தன என்பதற்கு ஆதாரம் வேண்டும். எங்கே ஆதாரம்?

டார்ட் குழு சேர்த்த அந்தக் காகிதங்கள்தான். 2001இல் இதே சட்டத்தின் முதல் பகுதி, அதாவது வேலைவாய்ப்பு, பற்றிய கேரட் வழக்கில் அவை ஒருமுறை தோற்றிருந்தன. நீதிபதி பிரெயர், குழுவிடம் மக்கள் கொடுத்ததை மாநிலவாரியாகப் பட்டியல் போட்டுத் தன் மாறுபட்ட தீர்ப்பின் பின்னிணைப்பாக வைத்தார். மாநில அரசுகளே செய்த பாகுபாட்டுக்குச் சுமார் 300 உதாரணங்கள் இருப்பதாகச் சொன்னார். தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் தலைமையிலான ஐந்து பேர் அதை ஏற்கவில்லை. சரிபார்க்காத, யாரோ சொன்ன கதைகள் என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: இவற்றில் பெரும்பாலானவை வேலை பற்றியவை இல்லை, பொதுச் சேவைகள் பற்றியவை.

தோற்கடித்த அந்த வாக்கியமே மூன்று வருஷத்தில் கைகொடுத்தது. லேன் வழக்கு பொதுச் சேவை பற்றியதுதானே! 2004 மே 17 அன்று நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பு, பிரெயரின் பட்டியலையும், பெரும்பாலானவை பொதுச் சேவை பற்றியவை என்ற அந்தக் கூற்றையும் எடுத்துக் காட்டியது. மாநில அரசுக் கட்டடங்களில் நடக்கும் சேவைகளில் 76 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டாதவை என்று நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட அறிக்கையையும் சொன்னது. 5க்கு 4 என்ற கணக்கில் லேனும் ஜோன்ஸும் ஜெயித்தார்கள்.

மறுதரப்பின் வாதத்தையும் பதிவு செய்யணும். உள்ளாட்சிகளுக்கு மாநிலங்களின் கேடயம் கிடையாது, அதனால் உள்ளாட்சிகள் பற்றிய புகார்களை மாநிலத்துக்கு எதிராக எண்ணக் கூடாது என்றார் ரென்க்விஸ்ட். கட்டடத்தில் சாய்தளம் இல்லாதது மட்டுமே உரிமை மீறல் ஆகாது, ஒருவர் உண்மையில் தடுக்கப்பட்டிருக்கணும் என்றும் சொன்னார். தீர்ப்பின் எல்லையும் குறுகியது: நீதிமன்றங்களை அணுகும் உரிமைக்கு மட்டும்.

இதைப் படித்த பிறகு புகார்க் கடிதத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். எழுதியவர்கள் யாரும் உச்ச நீதிமன்றத்தை நினைத்து எழுதவில்லை. எந்த ஊர், எந்தக் கட்டடம், எந்தக் காரியத்துக்குப் போனேன், எது தடுத்தது என்று மட்டும் எழுதினார்கள். அவ்வளவு விவரம் இருந்ததால்தான் பட்டியல் போட முடிந்தது. அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்தவர்களின் படிக்கட்டுகள் எந்தப் பின்னிணைப்பிலும் இல்லை.