கரிய மண்ணின் சாட்சியம்

1542ஆம் ஆண்டு அமேசான் ஆற்றின் வழியே கடலை அடைந்த ஒரு ஸ்பானியக் குழுவில் காஸ்பர் தெ கார்வஹால் என்னும் துறவி இருந்தார். பிரான்சிஸ்கோ தெ ஒரெயானாவின் தலைமையில் பசியோடு மிதந்து சென்ற அவர்கள், கரைநெடுகிலும் நெருங்கிய குடியிருப்புகளையும் திரண்ட மக்களையும் கண்டதாக அவர் எழுதிவைத்தார். பின்னால் போனவர்கள் கண்டதோ காடும் சிதறிய சிற்றூர்களுமே. பெண் போர்வீரர்களைக் கண்டதாகவும் எழுதியவர் ஆதலால், கார்வஹாலைக் கதைகட்டி என்று ஒதுக்குவது எளிதாயிற்று. இடையில் ஐரோப்பியர் கொண்டுவந்த அம்மையும் அடிமைவேட்டையும் செய்த வேலையை எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அந்த ஐயத்துக்கு மண்ணே காரணமாகக் காட்டப்பட்டது. அமேசான் மேட்டுநிலத்து மண் பெரும்பாலும் அமிலத்தன்மை மிக்கது. மழை அதன் சத்துகளைக் கழுவிக்கொண்டு போய்விடும். இம்மண் பெருங்குடிகளைத் தாங்காது என்று 1971இல் பெட்டி மெகர்ஸ் தம் நூலில் வாதிட்டார்.

மறுப்பும் மண்ணில்தான் இருந்தது. ஆற்றோர மேடுகளில் ஆங்காங்கே, சிலவிடங்களில் ஆளுயர ஆழத்துக்கு, கன்னங்கரிய மண். பிரேசிலில் இதனைத் 'தெர்ரா ப்ரேத்தா' என்பர். கரிய மண் என்றே பொருள். கரித்துண்டு, மீன்முள், எலும்பு, பானையோடு எல்லாம் அதில் கலந்துள்ளன. டச்சு மண்ணியலாளர் விம் சோம்ப்ரூக் 1966இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். அவர் 1944–45இன் டச்சுப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்டவர். தலைமுறைகளாக எருவிட்டுக் கறுத்த சிறுநிலமே அன்று அவர் குடும்பத்துக்குச் சோறிட்டது. மண்ணை மனிதர் ஆக்கமுடியும் என்பது அவருக்குப் புதிய செய்தியாக இருந்திருக்காது.

வைக்கோலோ தாளோ திறந்தவெளியில் எரிந்தால் சாம்பலாகும்; அதன் சத்து மழையில் விரைவில் கரைந்துவிடும். காற்று அடங்கிய குழியில் மெல்லக் கருகினால் கரியாகும். அதன் நுண்துளைகள் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். நூற்றாண்டுகள் கழிந்தும் அது பெரிதும் மட்காது. ஆனால் எருவில் ஊறாத புதுக்கரி, நாற்றுக்குச் சேரவேண்டிய தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்வதும் உண்டு. ஜப்பானிய உழவர் நெல்லுமியைக் கருக்கி நாற்றங்கால் மண்ணில் கலப்பர். நாம் அதே உமிக்கரியால் பல் துலக்கினோம்!

அமேசான் மக்கள் அறிந்தே இம்மண்ணை ஆக்கினார்களா, அன்றிக் குப்பைமேடு தானே கனிந்ததா என்னும் விவாதம் நெடியது. நான் முன்னதையே நம்புகிறேன். ஷிங்கு ஆற்றின் மேற்பகுதியில் வாழும் குய்குரோ மக்கள் இன்றும் மரவள்ளிக் கழிவு, மீன் எச்சம், கரி, சாம்பல் ஆகியவற்றைக் கொட்டிக் கரிய மண்ணை ஆக்குவதை 2023இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவுசெய்தது. எதற்கு என்று கேட்டால், பயிர் நன்றாக வர என்பதே அவர்கள் விடை.