வயர் வராத வீடுகள்

வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்கிறது ஒன்றைத்தான்: பைபர் இழுக்கிறதா, 4ஜி ரவுட்டர் வாங்கிறதா? பதில் சொல்ல ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. "பைபர் எண்டா தலையிடி இல்ல" என்பார் ஒருவர். "ரவுட்டர் எண்டா வீடு மாறேக்க தூக்கிக்கொண்டு போகலாம்" என்பார் இன்னொருவர். விலை, வேகம், எத்தனை ஜிபி என்பதோடு கதை முடிந்துவிடும். எங்களிடம் கேட்டால், ஒழுங்கை வரைக்கும் பைபர் வந்திருந்தால் அதையே எடுங்கள் என்போம். ஆனால் எல்லா ஒழுங்கைக்கும் அது வரவில்லை. எந்த வீட்டுக்கு வயர் வந்தது, எந்த வீட்டுக்கு வரவில்லை என்று பார்க்கப்போனால் கதை நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பின்னால் போகிறது.

இலங்கையின் முதல் தந்திக் கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் இழுக்கப்பட்டது. ஏன் காலி? அந்தக் காலத்தில் தபால் கொண்டுவரும் நீராவிக் கப்பல்கள் வந்து நின்றது காலித் துறைமுகத்தில். ஐரோப்பாச் செய்தியும் சந்தை விலையும் அங்கேதான் இறங்கும். அது கொழும்பு வியாபாரிக்கு உடனே தெரியவேண்டும். கம்பி வரமுதல் அந்த வேலையைச் செய்தவை புறாக்கள். காலியில் செய்தியைக் காலில் கட்டிவிட, கொழும்பில் இருந்த ஒப்சேர்வர் பத்திரிகைக்கு அவை பறந்துவந்தன. இலங்கையின் முதல் வயர்லெஸ் சேவை என்று வேண்டுமானால் அந்தப் புறாக்களைச் சொல்லலாம். கம்பி வந்ததும் அவற்றுக்கு வேலை போய்விட்டது. மன்னார் வழியாக இந்தியாவோடும் தந்தித் தொடர்பு வந்தது. ஆனால் அந்தக் கம்பி போன வழியில் இருந்த ஊர்ச்சனம் எதையும் கேட்டு அது போகவில்லை. சரக்கும் நிர்வாகமும் எங்கே இருந்தனவோ அங்கேதான் அது போனது.

பிறகு வந்த தொலைபேசியும் அதே பாதைதான். கொழும்புக் கொம்பனிகள், கச்சேரி, பொலிஸ், பெரிய ஆஸ்பத்திரி, தோட்டத்துரையின் பங்களா. மலையகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பங்களாவுக்கும் தோட்டக் கந்தோருக்கும் லைன் வந்தது. லயத்துக்கு வரவில்லை. காசில்லாதது மட்டும் காரணம் இல்லை. லைன் எடுக்க விலாசம் வேண்டும். லயன் அறைக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம்கூடத் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்துதான் ஆளுக்குப் போகும். இருக்கிற காணியும் குடும்பத்தின் பெயரில் இல்லை. தூண் நடவும் கம்பி இழுக்கவும் தோட்ட நிர்வாகம் சம்மதிக்கவேண்டும். பரம்பரை பரம்பரையாக ஒரே இடத்தில் இருந்தவர்களைக் கம்பி 'நிரந்தரக் குடி' என்று கணக்கெடுக்கவில்லை. வயரின் குணமே இதுதான். "இந்த ஆள் இங்கேதான் இருப்பார், மாதாமாதம் பில் கட்டுவார்" என்று எவராவது நம்பினால்தான் அது வீடு தேடி வரும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பெரிதாக மாறவில்லை. 1980இல் தபாலிலிருந்து தொலைத்தொடர்பைப் பிரித்துத் தனித் திணைக்களமாக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில்கூட நாட்டில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசி இணைப்பு என்ற கணக்கு வரவில்லை. விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆளைப் பிடிக்கவேண்டும். 1989இல் செல்டெல் கைபேசி சேவையைத் தொடங்கியது. அது பணக்காரரின் சாமான். 1991இல் திணைக்களம் ஸ்ரீலங்கா ரெலிகொம் ஆனது. 1997இல் அதன் 35 வீதப் பங்கு ஜப்பானின் என்டிடி கொம்பனிக்கு விற்கப்பட்டது. அதற்கு முதல் வருடமே சண்டெல், லங்கா பெல் என்று இரண்டு கொம்பனிகளுக்கு வேறொரு வகை அனுமதி கொடுத்திருந்தார்கள்: வீட்டுத் தொலைபேசிதான், ஆனால் கம்பி இல்லை. கூரையில் ஒரு அன்டெனா, உள்ளே ஒரு போன். தூணும் குழியும் வேண்டாம். வயர் வரிசையில் நின்று களைத்தவர்களுக்கு வயர்லெஸ் ஒரு குறுக்குவழியாக வந்தது.

வடக்கில் கதை வேறு. அங்கே இருந்த வயரும் இல்லாமல் போனது. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபின் யாழ் குடாநாட்டுக்குக் கரண்டும் இல்லை, ரெலிபோனும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதையை எங்கட அம்மா அப்பாமார் இன்றைக்கும் சொல்லுவார்கள். அதை நாங்கள் கெட்டித்தனத்தின் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். கொஞ்சம் யோசித்தால், கம்பி இல்லாமல் வருவது மட்டுமே அந்த வீடுகளுக்கு எட்டியது என்பதும் அதற்குள் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்த பிள்ளையோடு கதைக்க வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய், 'கொமினிகேசன்' கடையில் முறைக்குக் காத்திருந்து, நிமிடத்துக்குக் காசு கட்டிக் கதைத்த தலைமுறை அது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. கைபேசிக் கோபுரங்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பலருக்கு வாழ்க்கையில் முதற் தொலைபேசியே கைபேசி. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. பிறகு வந்த போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் கைபேசி சேவை நிறுத்தப்படுவதும் வருவதுமாக இருந்தது. வயர்லெஸ்ஸின் மற்றப் பக்கத்தை எங்கட சனம் அப்போதுதான் கண்டது. தூண் சாயத் தேவையில்லை, கம்பி அறத் தேவையில்லை, ஒரு உத்தரவு போதும்.

இதே காலத்தில் தெற்கில் சீடிஎம்ஏ வந்தது. 2005இலிருந்து மூன்று கொம்பனிகளும் அந்த மேசை போனைப் போட்டிபோட்டு விற்றன. பார்த்தால் பழைய ரெலிபோன் மாதிரித்தான் இருக்கும். பின்னால் சுவருக்குப் போகிற வயர் மட்டும் இருக்காது. 2004இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 10 இலட்சமாக இருந்த வீட்டுத் தொலைபேசி இணைப்புகள் 2007இல் 27 இலட்சத்தைத் தாண்டின. கூடியதில் பெரும் பங்கு இந்த வயரில்லாப் போன்கள். நூறு வருடத்தில் கம்பி செய்யாததை மூன்று வருடத்தில் காற்று செய்தது. போர் முடிந்தபின் வன்னியில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் கூரைக்கு முந்திச் சிக்னல் வந்தது. இதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. தொலைந்துபோன சொந்தங்களைத் தேடிய காலத்தில் அந்தப் போன் எத்தனை வீட்டுக்கு உயிராக இருந்தது என்று தெரியும். ஆனால் ஒரு விசயம் அப்போது பலருக்குப் படவில்லை. கதைக்கிறதுக்குக் காற்று போதும். இன்டர்நெட்டுக்குப் போதாது. சாதாரண சீடிஎம்ஏ போனில் டேட்டா வேகம் செக்கனுக்கு 153 கிலோபிட் தாண்டாது. அதே நேரம் செம்புக்கம்பி வைத்திருந்த கொழும்பு வீடுகளுக்கு 2003இலிருந்தே ஏடிஎஸ்எல் வந்துவிட்டது. பழைய கம்பியிலேயே மெகாபிட் கணக்கில் இன்டர்நெட் ஓடியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளிப்போனால் வேகம் செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் எக்ஸ்சேஞ்சுக்குக் கிட்ட யாருடைய வீடு இருந்தது? தந்தியும் தொலைபேசியும் முதலில் போன அதே தெருக்கள். நூறு வருடத்துக்கு முந்திய கம்பியின் பாதை, இன்டர்நெட் யாருக்கு முதலில் என்பதையும் தீர்த்துவிட்டது.

இன்றைய வித்தியாசமும் அதே கணக்குத்தான். 4ஜி கோபுரத்தின் ஒரு பக்கம், ஒரு அலைவரிசையில், நல்ல நிலைமையில் தரக்கூடியது ஏறத்தாழ 150 மெகாபிட். அந்தப் பக்கம் இருக்கிற எல்லாக் கைபேசிகளும் ரவுட்டர்களும் அதைத்தான் பங்குபோடவேண்டும். கோபுரத்தில் இரண்டு மூன்று அலைவரிசை இருந்தாலும் இரவு எட்டு மணிக்கு, தெரு முழுக்க யூடியூப் பார்க்கையில், உங்கள் ரவுட்டர் ஏன் சுற்றிச் சுற்றி நிற்கிறது என்பதற்கு விளக்கம் இதுதான். பைபரும் பங்குதான், அதை மறைக்கத் தேவையில்லை: ஒரு இழையில் வரும் 2.5 கிகாபிட்டை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. ஆனால் அந்த 64 வீட்டுக்கு மேல் எவரும் உள்ளே வரமுடியாது. கோபுரத்துக்கு அப்படி ஒரு வேலி இல்லை. கோயில் திருவிழாவுக்குச் சனம் வந்தாலே போதும். காற்றில் இடம் குறைவு என்பதால்தான் வயர்லெஸ் பக்கேஜ்கள் ஜிபியை இறுக்கிப் பிடித்து, பாதியை 'இரவு டேட்டா' என்று தள்ளிவிடுகின்றன. நடுச்சாமத்துக்கு அலாரம் வைத்து எழும்பிப் பாடக் காணொளி இறக்கிய ஆட்களுக்கு இதைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

2020இலும் 2021இலும் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தபோது இந்தப் பழைய வரைபடம் மறுபடி தெரிந்தது. ஊவா மலைக்கிராமங்களில் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறிய படங்களை உலகமே பார்த்தது. வயர் இருந்த வீட்டுப் பிள்ளை மேசையில் இருந்து படித்தது. இரண்டு பேரும் எழுதியது ஒரே சோதனை.

பிறகு 2022. மார்ச் 31 அன்று நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கோபுரங்களின் பற்றறி தீர, சிக்னலும் போனது. இங்கே ஒரு வேடிக்கை. பழைய செம்புக்கம்பி தனக்குத் தேவையான கரண்டைத் தானே எக்ஸ்சேஞ்சிலிருந்து, 48 வோல்ட்டில், கொண்டுவரும். அதனால் வீடு இருளில் கிடந்தாலும் பழைய மேசை ரெலிபோன் அடிக்கும். பைபர் கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. வீட்டில் இருக்கும் பெட்டிக்கு நாங்கள்தான் கரண்ட் கொடுக்கவேண்டும். புது வயர் வேகத்தில் வென்றாலும் இந்த ஒரு விசயத்தில் தாத்தாவிடம் தோற்றுத்தான் நிற்கிறது. ஆகவே பைபர் எடுப்பவர்கள் ரவுட்டருக்கென்று விற்கிற சின்ன யூபிஎஸ் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

வயர் எடுத்தால் தணிக்கையிலிருந்து தப்பலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3 அன்றும் சமூக ஊடகங்களை முடக்கியபோது பைபர் வீடு, ரவுட்டர் வீடு என்று பார்க்கவில்லை. அந்தப் பூட்டு கொம்பனியின் வாசலில் போடப்படுவது.

வாடகை வீட்டில் இருக்கிற இளம் ஆட்களுக்கு இந்தத் தெரிவு இன்னும் சிக்கல். சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடவேண்டும். ஒரு வருடத்தில் எழும்பச் சொன்னால் இணைப்பை மாற்ற மறுபடி காசு. பத்து மாதம்தான் இருப்பேன் என்று தெரிந்தவர் ரவுட்டர் வாங்குவதில் பிழையில்லை. இரண்டு வருடமாவது இருப்பீர்கள், வீட்டில் இரண்டு பேராவது ஒரே நேரத்தில் படிக்கிறீர்கள் அல்லது வேலை செய்கிறீர்கள் என்றால் வீட்டுக்காரரோடு ஒருக்கா இருந்து கதைக்கிறது பிரயோசனம். இழுத்த வயர் அவருடைய வீட்டுக்கும் ஒரு வசதிதானே.

2024இல் ஸ்டார்லிங்குக்கு அனுமதி கொடுக்கப்பட்டு, 2025இல் சேவை தொடங்கியது. கோபுரமும் வேண்டாம், வானத்தைப் பார்த்த ஒரு தட்டு போதும். "இனி வயர் எதுக்கு" என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. சண்டெல் வந்தபோதும் சீடிஎம்ஏ வந்தபோதும் சொன்னது இதைத்தான். மாதக் கட்டணத்தைப் பார்த்தால், வயர் வராத லயத்துக்கும் வன்னிக் கிராமத்துக்கும் அந்தத் தட்டு இப்போதைக்கு வரப்போவதில்லை. பைபர் ஒழுங்கை முகப்பில் நின்றுவிட்டதென்றால் தனியாக விண்ணப்பம் போட்டுக் காத்திருக்காதீர்கள். அயல் வீடுகளையும் சேர்த்து, எத்தனை வீடு இணைப்பு எடுக்கும் என்ற பட்டியலோடு எழுத்தில் கேளுங்கள். கொம்பனி இன்றைக்கும் பார்க்கிறது அந்தப் பழைய கணக்கைத்தான்: இவர்கள் இங்கேயே இருப்பார்களா, பில் கட்டுவார்களா?