வீணாகாத கண்ணாடி

ஒரு கண்ணாடியின் கதையைச் சொல்கிறேன்.

1820களின் பிற்பாதியில், தொலைநோக்கிகளுக்காக ஈயம் கலந்த கனமான கண்ணாடியை லண்டனில் உருக்கினார் மைக்கேல் ஃபாரடே. பல ஆண்டு உழைப்பு, எதிர்பார்த்த பலன் இல்லை. ஆனால் அவர் அதைத் தூக்கி எறியவில்லை. 1845 செப்டம்பர் 13 அன்று, காந்தத்தின் அருகே அந்தக் கண்ணாடியை வைத்து ஒளியைச் செலுத்தினார். ஒளி அதிரும் தளம் திரும்பியது. ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பதற்கு அதுதான் முதல் சான்று.

1898இல் இத்தாலியின் மக்கலூசோவும் கோர்பினோவும் கண்ணாடிக்குப் பதில் சோடிய ஆவியை வைத்தார்கள். சோடியத்துக்கே உரிய மஞ்சள் நிறத்தை ஒட்டித் திருப்பம் மிகப் பெரிதாக இருந்தது.

இதை வடிகட்டியாக்கலாம் என்று 1956இல் சொன்னவர் ஸ்வீடன் வானியலாளர் இங்வே ஓமான். ஒரு தளத்து ஒளியை மட்டும் விடும் இரண்டு தகடுகளைக் குறுக்காக வைத்தால் எந்த ஒளியும் கடக்காது. நடுவே காந்தப்புலத்தில் ஆவியை வைத்தால், அந்த அணுவின் நிறம் மட்டும் திரும்பிக் கடந்துவிடும்.

இன்று 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடிய அணுக்களை லேசர் கொண்டு பட்டப்பகலிலும் அளக்கிறார்கள். கொட்டும் வெயிலைத் தடுத்து அந்த மங்கல் ஒளியை மட்டும் விடுவது இந்த வடிகட்டிதான். ஃபாரடே கண்ணாடி உருக்கியதும் வானத்தைப் பார்க்கத்தானே!