கோவிந்தன் ஏன் கூடவே போனார்?

போன வாரம் ‘சுழல்’ இரண்டாம் சீசனை ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். யார் விசுவாசி, யார் துரோகி என்று தலை சுற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது திருப்புட்குழி. பாலுசெட்டிசத்திரத்துக்குப் பக்கத்தில், பெங்களூரு ஹைவேயில் நாம கவனிக்காமலே தாண்டிப் போகிற ஊர். சீதைக்காக உயிர்விட்ட ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்கிறது தலபுராணம். துரோகக் கதை ஒன்றும் இதே ஊரில்தான் ஆரம்பிக்கிறது.

11ஆம் நூற்றாண்டில் யாதவப்பிரகாசர் இங்கே வேதாந்தம் சொல்லிக்கொடுத்தார். மாணவர்களில் ராமானுஜரும் அவருடைய சித்தி மகன் கோவிந்தரும் உண்டு. சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்ணை வர்ணிக்கும் ‘கப்யாசம்’ என்ற சொல்லுக்குக் குரு குரங்கின் பின்புறம் என்று பொருள் சொல்ல, ராமானுஜர் அழுதுவிட்டாராம். சூரியனால் மலர்ந்த தாமரை என்பது அவர் சொன்ன பொருள். மனக்கசப்பு வளர்ந்தது. காசி யாத்திரைக்குக் கூட்டிப்போய் கங்கையில் மூழ்கடிக்கத் திட்டம். விந்தியக் காட்டில் கோவிந்தர் ரகசியத்தை உடைக்க, ராமானுஜர் தப்பித்துக் காஞ்சி வந்து சேர்ந்தார்.

இதுவரை பலருக்கும் தெரியும். என்னைக் குடைவது அடுத்த பகுதி. அண்ணனைக் காப்பாற்றிய கோவிந்தர் அவரோடு ஓடிவரவில்லை. தான் காட்டிக்கொடுத்த அதே குருவோடு காசி வரை போனார்! இருவருமே காணாமல் போனால் சந்தேகம் வந்திருக்கும், அதனால் தங்கிவிட்டார் என்பது என் ஊகம். ஆனால் அது வெறும் நடிப்பாகவும் தெரியவில்லை. கங்கையில் முழுகியபோது கையில் லிங்கம் வந்ததாம், குரு மெச்சினார், அதற்கப்புறம் காளஹஸ்தி பக்கம் சிவபக்தராகவே வாழ்ந்தார். மாமா பெரிய திருமலை நம்பி பேசிப்பேசித்தான் திரும்ப அழைத்துவந்தார். பின்னாளில் அவர்தான் எம்பார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவும் வைணவ குருபரம்பரை நூல்கள் பிற்காலத்தில் சொன்னது, அதாவது ஜெயித்த தரப்பின் வாக்குமூலம். யாதவரின் பிரம்மசூத்திர உரை நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது துறவிகளின் ஒழுக்க விதிகளைத் தொகுத்த ‘யதிதர்மசமுச்சயம்’. பேட்ரிக் ஒலிவெல் அதைப் பதிப்பித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். கொலைத் திட்டம் போட்டவர் என்று நாம் கேள்விப்பட்ட ஆள், சந்நியாசி எப்படிப் பிச்சை வாங்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகத் தொகுத்து வைத்திருக்கிறார்!

வயதான காலத்தில் அவர் ராமானுஜருக்கே சீடராகி, துறவு பூண்டு, அதன்பின் இந்த நூலை எழுதினார் என்பது மரபு. அப்போது அவருக்குக் கிடைத்த புதுப்பெயர் கோவிந்த ஜீயர்.