ஊர் பெயரான வழி: ரஞ்சன்காவும் மராட்டியக் குடும்பப் பெயர்களும்

புணே மாவட்டத்தின் சிரூர் வட்டத்தில், அகமதுநகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ரஞ்சன்காவ், அஷ்டவிநாயகத் தலங்கள் எட்டனுள் ஒன்றான மகாகணபதி கோயிலால் அறியப்படும் ஊராகும். இவ்வூர்ப் பெயருடன் 'கர்' என்னும் ஒட்டைச் சேர்த்தால், அவ்வூரைச் சேர்ந்தவர் எனப் பொருள்படும் 'ரஞ்சன்காவ்கர்' என்ற 'ஆட்நாவ்', அதாவது குடும்பப் பெயர், மராட்டிய வழக்கின்படி உருவாகிவிடும். ஆனால் ரஞ்சன்காவுக்குள்ளேயே வாழ்பவருக்கு அப்பெயரால் பயன் ஏதுமில்லை. எல்லாரும் அவ்வூராராக இருக்குமிடத்தில் அது எவரையும் பிரித்துக் காட்டாது. ஆகவே ஊர்ப்பெயர் குடும்பப் பெயராக நிலைபெறுவது, பெரும்பாலும் ஒரு குடும்பம் ஊரை விட்டு வெளியேறிய பின்னரே.

இதே மாவட்டத்தில் நீரா ஆற்றங்கரையை அடுத்த ஹோள் என்னும் சிற்றூரே இந்தோரை ஆண்ட ஹோல்கர்களுக்குப் பெயர் தந்தது. அவ்வூருக்கு வெளியே, படைத்தலைவராக உயர்ந்த மல்ஹர் ராவாலேயே அப்பெயர் புகழ்பெற்றது. ஊரால் பெயர்பெற்ற அக்குடும்பத்தின் அகல்யாபாயின் பெயரே அண்மையில் அகமதுநகருக்கு அகில்யாநகர் என வழங்கப்பட்டிருப்பது சுவையான திருப்பம்.

ஊரிலேயே தங்கியோருக்குக் குலப்பெயரோ பதவிப்பெயரோ அடையாளமாயிற்று. கிராமத் தலைவரான பாட்டீல், ஊர்க்கணக்கரான குல்கர்ணி, பல ஊர்கள் அடங்கிய பர்கனாவின் வருவாய்த் தலைவரான தேஷ்முக், அதன் கணக்கரான தேஷ்பாண்டே ஆகிய பதவிகள், 'வதன்' எனப்பட்ட பரம்பரை உரிமையாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியமையால், பதவியின் பெயரே குடும்பத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது. பேஷ்வாக்களின் நிதிப்பொறுப்பை வகித்த நானா பட்னவீஸின் குடும்பப் பெயர் பானு என்பதை இன்று நினைப்பவர் அரிது. பதவி அதனை விழுங்கிவிட்டது. 1962-ஆம் ஆண்டுச் சட்டம் வருவாய்ப் பாட்டீல் பதவியை ஒழித்தபோதும் பாட்டீல்கள் பாட்டீல்களாகவே நீடித்தனர். தமிழகத்தில் 1980-இல் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டபோது அது பெயர்களில் அவ்வளவாகத் தங்காமைக்கு, தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிடும் நம் வழக்கமே காரணம் எனலாம்.

ஊர்ப்பெயரைக் குடும்பப் பெயராக்கும் வழக்கம் ஆங்கிலேயரிடமும் உண்டு. 1817 டிசம்பர் 31 இரவு சிரூரிலிருந்து புறப்பட்டு, மறுநாள் கோரேகாவ் பீமாவில் பேஷ்வாவின் படையை எதிர்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படைப்பிரிவின் தலைவர் கேப்டன் பிரான்சிஸ் ஸ்டாண்டன். சிரூருக்கும் கோரேகாவுக்கும் இடையிலேயே ரஞ்சன்காவ் உள்ளது. ஸ்டாண்டன் என்பதும் ஊர்ப்பெயரே. பழைய ஆங்கிலத்தில் கல்லையும் குடியிருப்பையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து உண்டான அப்பெயரில் இங்கிலாந்தில் பல ஊர்கள் உள்ளன.

அப்போரின் நினைவுத்தூணுக்கு 1927 ஜனவரி 1 அன்று வந்த அம்பேத்கரின் பெயரும் ஊரிலிருந்து பிறந்ததுதான். சக்பால் குடும்பத்தில் பிறந்த அவரை, ரத்தினகிரி மாவட்டத்திலுள்ள மூதாதையர் ஊரான அம்பாடவேயை ஒட்டிய ஆட்நாவுடன், 1900 நவம்பர் 7 அன்று சாத்தாரா அரசுப் பள்ளியின் பதிவேடு பீவா ராம்ஜி அம்பேத்கர் எனப் பதிந்துகொண்டது. குலத்தைச் சுட்டும் பெயர் சாதியையும் சுட்டிய சமூகத்தில், ஊரை மட்டுமே சுட்டும் பெயர் ஓரளவு மறைப்பாகவும் உதவியிருக்கும். எனினும் அதே பள்ளியில் அவர் தனியே அமர்த்தப்பட்டார்.